மக்கார்தர் தம்பதியர்: கடல் கடந்த ஒரு குடும்பத்தின் கதை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சென்ற ஆண்டு விழாவில் எனக்குக் கிடைத்த பணி நாற்காலி எடுத்துப் போடுவது. அதைச் செம்மையாகச் செய்தேன் என்று செயலாளர் கருதினார் போலும். இவ்வாண்டு மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டார். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இந்தக் கரக்பூரின் சரக்கு அலுவலகத்தில் பேரேடும் ரசீதுமாகக் காலங்கழிக்கும் ஓர் எழுத்தன் நான். சொற்பொழிவாளன் அல்லன். குறை இருப்பின் பொறுத்தருள வேண்டும்.

“குடியேற்றமும் குடும்பமும்” என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. கடாரம் கொண்ட சோழனைப் பற்றியும், பினாங்குக்கும் பர்மாவுக்கும் சென்ற நம் முன்னோரைப் பற்றியும் எனக்கு முன் பேசிய பெரியவர்கள் அழகுற எடுத்துரைத்தார்கள். அந்த வயலில் நான் கதிர் பொறுக்கப் போவதில்லை. நமக்கு உறவும் இல்லாத, ஊரும் இல்லாத ஓர் ஆங்கிலேயத் தம்பதியரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். “தமிழ்ச் சங்கத்தில் வெள்ளைக்காரன் கதை எதற்கு?” என்று முன் வரிசையில் ஒரு பெரியவர் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகளின் பூகோளப் பாடத்தில், ஆஸ்திரேலியாவின் புல்வெளிகளைப் பற்றிய இடத்தில், ஜான் மக்கார்தர் என்பவர் அந்நாட்டுக் கம்பளித் தொழிலின் தந்தை என்று ஒரு வரி வருகிறது. அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அந்த மனிதரைப் பற்றி மேலும் சிறிது அறியலாமே என்று நான் நூல்களைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது. கம்பளித் தொழில் வேரூன்றிய ஏறத்தாழ இருபது ஆண்டுகளில், அந்தத் தந்தையார் பன்னிரண்டு ஆண்டுகள் ஊரிலேயே இல்லை! பன்னிரண்டு ஆண்டுகள் ஆடுகள் தம்மைத் தாமே மேய்த்துக்கொண்டனவா? மயிரைத் தாமே கத்தரித்துக் கட்டிக் கப்பலில் ஏற்றிக்கொண்டனவா? பேரேட்டில் ஓர் இனம் விடுபட்டிருந்தால் எழுத்தனுக்கு உறக்கம் வராது. எனக்கும் வரவில்லை.

விடுபட்ட அந்த இனத்தின் பெயர் எலிசபெத்.

எலிசபெத் அம்மையார் 1766-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், பிரிட்ஜ்ரூல் என்னும் சிற்றூரில், ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் மறுமணம் செய்துகொண்டபின், அவ்வூர்ப் பாதிரியாரின் இல்லத்தில் பாதி மகளாக வளர்ந்தார். பாதிரியாரின் மகள் பிரிட்ஜெட் அவருக்கு உயிர்த்தோழி. எழுதவும் படிக்கவும் நன்றாகக் கற்றது அந்த வீட்டில்தான். ஜான் மக்கார்தரோ பிளிமத்தில் ஒரு துணி வணிகரின் மகன். படையில் கீழ்நிலை அதிகாரியாக இருந்து, போர் ஓய்ந்ததால் அரைச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். கோபமும் மானமும் வருமானத்துக்கு மிஞ்சியவை. 1788 அக்டோபரில் இருவருக்கும் திருமணம். அடுத்த ஆண்டின் மார்ச்சில் எட்வர்டு என்னும் முதல் மகன் பிறந்தான். கையில் பொருளில்லை, பதவி உயர்வுக்கு வழியில்லை. நியூ சவுத் வேல்ஸ் என்னும் புதிய குடியேற்றத்துக்கென்று ஒரு படைப்பிரிவு திரட்டப்படுவதை அறிந்து ஜான் அதில் சேர்ந்தார்.

“காலனி” என்றால் நமக்கு வரிசையாக நிற்கும் குவார்ட்டர்ஸும், வாசலில் முருங்கை மரமும், மாலையில் குழாயடியுமே நினைவுக்கு வரும். சரித்திரம் படிப்பவர்க்கு அச்சொல் வேறு. பிரிட்டிஷ் அரசு தன் சிறைகளில் இடமின்றித் தண்டனைக் கைதிகளைப் பூமியின் மறுகோடிக்கு ஏற்றி அனுப்பி, 1788 ஜனவரி 26 அன்று சிட்னியில் தொடங்கிய குடியேற்றமே அந்தக் காலனி. ஜனவரி 26 நமக்குக் குடியரசு நாள். அங்கே அது வந்தவர்களுக்குக் கொண்டாட்ட நாள். அம்மண்ணின் பூர்வகுடிகளோ 1938-இல் அதே நாளைத் துக்க நாளாக அறிவித்துக் கூட்டம் நடத்தினார்கள். இதற்குப் பின்னர் வருகிறேன்.

இரண்டாம் கப்பல் தொகுதியில் மக்கார்தர் குடும்பம் புறப்பட்டது. நெப்டியூன் என்னும் அந்தக் கப்பல் மிதக்கும் நரகம். இங்கிலாந்தின் கரையை விட்டு நீங்கு முன்னரே கப்பல் தலைவனோடு ஜானுக்குச் சச்சரவு. துப்பாக்கியால் சுட்டுக்கொள்ளும் துவந்த யுத்தம் வரை ஒருமுறை போய்விட்டது. எலிசபெத் இருந்த அறைக்குப் பக்கத்திலேயே பெண் கைதிகளின் அடைப்பு. இரைச்சலும் நாற்றமும் சகிக்க முடியாமல், நடுக்கடலிலேயே ஸ்கார்பரோ என்னும் மற்றொரு கப்பலுக்கு மாறினார்கள். கைக்குழந்தை ஒன்று; வயிற்றில் இன்னொன்று. கணவர் கடும் காய்ச்சலில் கிடந்தார். அக்கடற்பயணத்தில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து இறந்தது. 1790 ஜூன் இறுதியில் சிட்னியை அடைந்தபோது, அத்தொகுதியில் ஏற்றப்பட்ட ஆயிரம் கைதிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மாண்டிருந்தனர்.

அன்பர்களே, மாற்றல் உத்தரவு வந்தவுடன் தட்டுமுட்டுச் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு, கைக்குழந்தையோடு மதராஸ் மெயிலில் ஏறி, மொழி தெரியாத ஊரில் நள்ளிரவில் இறங்கிய தாய்மார்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த இடத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

சென்று இறங்கிய ஊரில் அரிசி, மாவு எல்லாம் அளவிட்டே வழங்கினார்கள். பேசிப் பழகத்தக்க பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. எலிசபெத் சோர்ந்துவிடவில்லை. டாஸ் என்னும் அதிகாரியிடம் வானநூல் கற்கப் புகுந்தார்; அது தம் அறிவுக்கு மிஞ்சியதென்று தாமே சிரித்துக்கொண்டு தாவரவியலுக்குத் திரும்பினார். வார்கன் என்னும் மருத்துவர் தம்மோடு கப்பலில் ஒரு பியானோ கொண்டுவந்திருந்தார். ஆஸ்திரேலிய மண்ணில் இறங்கிய முதல் பியானோ அது. அதை வாசிக்கக் கற்றுக்கொடுத்து, 1791-இல் ஊர் திரும்பும்போது எலிசபெத்திடமே விட்டுச் சென்றார். இவற்றையெல்லாம் பிரிட்ஜெட்டுக்கும் தாய்க்கும் எழுதிய மடல்களில் அவர் விவரிக்கிறார். அம்மடல்கள் இன்றும் சிட்னி நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஓய்ந்த வேளையில் தோழிக்கு எழுதிய கடிதங்கள் ஒரு நாட்டின் ஆதார ஆவணங்களாகிவிட்டன.

1793-இல் காலம் திரும்பியது. ஆளுநர் ஊர் திரும்பிவிட, படைத் தலைவர் கையில் ஆட்சி வந்தது. ஜான் பொதுப்பணி மேற்பார்வையாளரானார். பாரமட்டா ஆற்றங்கரையில் நூறு ஏக்கர் நிலம் கிடைத்தது. ஏர் பிடிக்கவும் மரம் வெட்டவும் கூலியில்லாக் கைதிகள் கிடைத்தார்கள். படை அதிகாரிகள் கூட்டாகச் சேர்ந்து, வரும் கப்பலின் சரக்கையெல்லாம் மொத்தமாக வாங்கிப் பன்மடங்கு விலைக்கு விற்றனர். அதில் சாராயம் முதலிடம் பெற்றது. மக்கார்தர் செல்வத்தின் அடித்தளத்தில் இதுவும் இருக்கிறது என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. அந்நிலத்தில் 68 அடி நீளமும் 18 அடி அகலமுமாக ஒரு செங்கல் வீட்டைக் கட்டி, மனைவியின் பெயரால் “எலிசபெத் பண்ணை” என்று பெயரிட்டார் ஜான். பெயர் அம்மையாருடையது, உடைமை கணவருடையது. மணமான பெண்ணுக்குத் தனியே சொத்துரிமை இல்லையென்பது அக்கால ஆங்கிலச் சட்டம்.

இனி ஆடுகளுக்கு வருவோம். கரக்பூர்வாசிகளாகிய நாம் சற்று நிமிர்ந்து உட்காரலாம். ஏனெனில் அந்த ஆடுகளின் கதை, இங்கிருந்து மூன்று மணி நேர ரயில் தூரத்தில் உள்ள கல்கத்தாத் துறைமுகத்தில்தான் தொடங்குகிறது. அக்காலத்தில் சிட்னிக்குப் பஞ்சம் வந்தால் கல்கத்தாவிலிருந்தே அரிசியும் கால்நடையும் போகும். அவ்வாறு வந்த வங்காளச் செம்மறிகளில் அறுபதை 1794 அளவில் மக்கார்தர் விலைக்கு வாங்கினார். நம் வங்காளத்து ஆட்டுக்குக் கம்பளி ஏது? வெள்ளாட்டைப் போல் முரட்டு மயிர்தான். பின்னர் அயர்லாந்திலிருந்து வந்த கப்பலில் கிடைத்த ஒரு கிடாவையும் இரண்டு பெட்டைகளையும் அவற்றோடு சேர்த்தார். பிறந்த குட்டிகளின் மேனியில் மயிரும் கம்பளியும் கலந்து வளர்ந்தன! நல்ல இனத்தைக் கலந்தால் நல்ல கம்பளி வரும் என்னும் எண்ணம் தமக்கு அப்போதுதான் எழுந்தது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆஸ்திரேலியாவின் பெரும் செல்வத்துக்கு முதல் தாய்மாரில் வங்காளத்து அறுபது பெட்டையாடுகளும் உண்டு என்பதை நம் வங்காளி நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள். மிஷ்டி வாங்கிக் கொடுப்பார்கள்.

1797-இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து மெரினோ ஆடுகள் வந்தன. ஸ்பெயின் மன்னரின் மந்தையில் தோன்றிய இனம். டச்சுத் தளபதி கார்டன் என்பவர் அங்கே வளர்த்தவை. அவர் இறந்தபின் கைம்பெண்ணான மனைவி விற்றவற்றிலிருந்து இரண்டு கப்பல் தலைவர்கள் வாங்கிவந்தனர். அவற்றுள் சில எலிசபெத் பண்ணைக்கு வந்தன.

வித்து விழுந்தாயிற்று. விதைத்தவர் அங்கே நின்று நீர் பாய்ச்சினாரா என்றால், இல்லை. 1801 செப்டம்பரில் தம் மேலதிகாரியான கர்னல் பாட்டர்சனோடு துவந்த யுத்தம் செய்து அவர் தோளில் சுட்டுவிட்டார். ஆளுநர் கிங் அவரைக் கைது செய்து விசாரணைக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார். போகிற போக்கில் மூத்த மகள் எலிசபெத்தையும் ஏழு வயது மகன் ஜானையும் கல்விக்காக அழைத்துச் சென்றார். எட்வர்டு முன்னரே 1797-இல் அனுப்பப்பட்டுவிட்டான்.

ஜான் மக்கார்தரின் கெட்ட காலமும் அவருக்கு நல்ல காலமாக முடியும். கப்பல் புயலில் சிக்கி அம்போய்னாவில் ஒதுங்கியது. அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரி ஃபார்க்குவார் என்பவருக்கு ஆலோசனை கூறி நட்புக் கொண்டார். அவருடைய தந்தையோ இளவரசரின் மருத்துவர்! லண்டனில் கதவுகள் திறந்தன. நெப்போலியன் போரினால் ஸ்பெயின் கம்பளி வரத்துக்கு இடையூறு நேர்ந்திருந்த வேளை; மக்கார்தர் காட்டிய கம்பளி மாதிரியைக் கண்டு ஆலை முதலாளிகள் மகிழ்ந்தனர். குற்றவாளியாகச் சென்றவர், 1805-இல் அமைச்சர் கேம்டன் பிரபுவின் உத்தரவோடு ஐயாயிரம் ஏக்கர் நிலத்துக்கு உரியவராக, மன்னரின் மந்தையில் ஏலம் எடுத்த மெரினோக்களோடு திரும்பி வந்தார். வந்த கப்பலின் பெயர் ஆர்கோ. அதன் முகப்பில் பொன்னிற ஆட்டுத்தோலின் உருவம்.

அந்த மூன்றரை ஆண்டுகளில் பண்ணை என்ன ஆயிற்று? பெருகியிருந்தது. 1804 மார்ச் 4-ஆம் நாள் இரவு, கேசில் ஹில் என்னுமிடத்தில் கைதிகள் கலகம் செய்து, பாரமட்டாவை நோக்கி வருகிறார்கள் என்னும் செய்தி வந்தது. பாதிரியார் மார்ஸ்டன் அன்று எலிசபெத் பண்ணையில் விருந்துண்டுகொண்டிருந்தார். எலிசபெத் குழந்தைகளை எழுப்பிக்கொண்டு, பாதிரியாரின் மனைவியோடு படகேறி, இரவோடிரவாக ஆற்று வழியே சிட்னிக்குச் சென்றார். கலகம் அடங்கியபின் மீண்டும் பண்ணைக்கு வந்து வேலையைத் தொடர்ந்தார். இந்நிகழ்ச்சியைச் சரித்திர ஆசிரியர்கள் கலகத்தின் பகுதியாக எழுதுகிறார்கள். அடுத்த வாரமே மந்தைக்குத் திரும்பி எண்ணிக்கை பார்த்த பெண்மணியின் கதையாகவும் அதைப் படிக்கலாம்.

இரண்டாம் பிரிவு இன்னும் நீண்டது. புதிய ஆளுநர் பிளை, முன்னொரு காலத்தில் பவுண்டி என்னும் கப்பலில் தம் மாலுமிகளாலேயே படகில் தள்ளிவிடப்பட்ட அதே மனிதர், சாராய வாணிகத்தை ஒடுக்க முனைந்தார். மக்கார்தரும் அவரும் ஒரே உறையில் இரு வாள். வழக்கு, கைது, நீதிமன்றத்தில் குழப்பம் என்று முற்றி, 1808 ஜனவரி 26 அன்று, குடியேற்றத்தின் இருபதாம் ஆண்டு நிறைவு நாளில், மேஜர் ஜான்ஸ்டன் தலைமையில் படையினர் ஆளுநர் மாளிகைக்கு அணிவகுத்துச் சென்று பிளையைச் சிறைப்பிடித்தனர். இதையே ரம் கலகம் என்பர். அடுத்த ஆண்டு மக்கார்தர், தம் செய்கையை நியாயப்படுத்த, ஜேம்ஸ், வில்லியம் என்னும் இரு பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். ஜான்ஸ்டனுக்கு 1811-இல் அங்கேயே பதவி பறிபோயிற்று. மக்கார்தர் படையில் இல்லாதவராதலின் அவரைச் சிட்னியில்தான் விசாரிக்க முடியும். திரும்பினால் விலங்கு காத்திருந்தது. எனவே திரும்ப முடியவில்லை. 1809 முதல் 1817 வரை எட்டரை ஆண்டுகள்!

அவர் கப்பலேறியபோது கடைசிப் பெண் எம்மலின் கைக்குழந்தை. திரும்பியபோது ஒன்பது வயது. தந்தை என்பவர் அக்குழந்தைக்கு ஒரு கடித உறை.

இந்த எட்டரை ஆண்டுகள்தாம் நான் இன்று சொல்ல வந்தது. பாரமட்டாவில் வீடும் வயலும் தோட்டமும். அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு அப்பால், இங்கிருந்து பான்ஸ்குரா செல்வதைவிடச் சற்று அதிகமான தூரத்தில், கேம்டனில் ஐயாயிரம் ஏக்கர் மேய்ச்சல் நிலம். பாதையெல்லாம் காடு. எலிசபெத் அங்கே குதிரையேறிச் செல்வார். மேய்ப்பர்களான கைதிகளை வேலை வாங்குவார். எந்தக் கிடாவை எந்தப் பெட்டையோடு விடுவது, எந்த ஆட்டைக் கழிப்பது, எந்தக் கம்பளி மென்மையானது, எது முரடு என்று பிரித்துக் கட்டச் செய்வார். கணவர் லண்டனிலிருந்து பக்கம் பக்கமாக ஆலோசனை எழுதினார் என்பது உண்மை. ஆனால் கடிதம் வந்து சேர ஐந்தாறு மாதம். கேட்ட கேள்விக்கு விடை வர ஓராண்டுக்கு மேல். குட்டி ஈனும் ஆடு ஓராண்டு பொறுக்குமா? கணவர் எழுதிய கடிதம் கைக்கு வருமுன்னரே அது பற்றிய முடிவை அவர் எடுத்திருப்பார். கணவரின் சகோதரர் மகனான ஹானிபல் மக்கார்தர் சில காலம் துணையிருந்தார். அவரும் இடையிலே பல ஆண்டு இங்கிலாந்து சென்றுவிட்டார். வேளாண்மையை மேம்படுத்தியதைப் பாராட்டி ஆளுநர் மக்குவாரி எலிசபெத்துக்கு 600 ஏக்கர் நிலம் வழங்கினார். கணவரைக் கைது செய்யும் ஆணையைக் கையில் வைத்திருந்த அதே ஆளுநர்தாம் மனைவிக்கு இதைச் செய்தார் என்பது நோக்கத்தக்கது. கணவரும் நன்றி மறந்தவர் அல்லர்; மனைவியின் திறமையைத் தம் கடிதங்களில் மனமாரப் புகழ்ந்திருக்கிறார்.

இவ்விடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். என் தந்தையாரும் ரயில்வேயில் பணிபுரிந்தவரே. நான் பள்ளியில் படிக்கையில் நான்கு ஆண்டுகள் ஒரு சிறு நிலையத்தில் அவருக்கு வேலை. அங்கே பள்ளிக்கூடம் இல்லை. எனவே என் தாயார் எங்கள் மூவரையும் வைத்துக்கொண்டு இந்தக் காலனியிலேயே தங்கினார். சம்பளப் பணம் வரும் நாளும் வராத நாளும், அக்காளுக்கு டைபாய்டு வந்த மழைக்காலமும், தம்பிக்குப் பள்ளியில் இடம் கேட்டு நடந்த நடையும் எல்லாம் அவர் தலையில். அப்பா ஓய்வு பெற்றபோது மாலை போட்டார்கள், கைக்கடிகாரம் கொடுத்தார்கள், நால்வர் எழுந்து பேசினார்கள். அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து, தேநீர்க் கோப்பைகளைத் திருப்பிக் கொடுக்க எண்ணிக்கொண்டிருந்தார். அவர் காலமானபின் பரணிலிருந்து ஒரு கணக்கு நோட்டு கிடைத்தது. நான்கு ஆண்டு வரவு செலவும் பென்சிலால் எழுதியிருந்தது. மாதக் கடைசியில் ஒரு பைசா பிசகாது. நான் இருபது ஆண்டாகப் பேரேடு எழுதுகிறவன். அப்படி எழுத எனக்கு வராது. பூகோளப் பாடத்தின் அந்த ஒரு வரி என்னை ஏன் உறுத்தியது என்பது இப்போது உங்களுக்கு விளங்கும்.

ஆனால் எலிசபெத் அம்மையாரைத் தெய்வமாக்கிவிட நான் வரவில்லை. பேரேட்டில் விடுபட்ட இனம் இன்னொன்றும் உண்டு. அது முந்தையதைவிடப் பெரியது.

அந்த நூறு ஏக்கரும் ஐயாயிரம் ஏக்கரும் ஆளில்லாத நிலங்கள் அல்ல. பாரமட்டா என்னும் பெயரே, விலாங்குமீன் மிகுந்த அவ்விடத்தில் வாழ்ந்த பரமட்டகல் மக்களின் சொல்லிலிருந்து வந்தது. மக்கார்தர் குடும்பம் வருவதற்கு முந்திய ஆண்டில், 1789-இல், சிட்னிப் பகுதியில் பரவிய பெரியம்மை அம்மக்களில் மிகப் பலரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியோரின் ஆறும் காடும் வேலியிடப்பட்டன. பெமுல்வுய் என்னும் வீரர் 1797-இல் பாரமட்டாவிலேயே படையை எதிர்த்துப் போரிட்டுக் காயமுற்றார். 1802-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். வியப்பு என்னவென்றால், அவருடைய மகன் டெட்பரி எலிசபெத் பண்ணைக்கு வந்துபோகும் பழக்கமுள்ளவர். 1808-இல் மக்கார்தர் சிறைப்பட்டார் என்று கேள்வியுற்று, ஈட்டிகளை எடுத்துக்கொண்டு அவருக்குத் துணை நிற்கப் புறப்பட்டு வந்தார் என்பது சரித்திரம். மனித உறவின் விந்தை இது. நிலத்தை எடுத்துக்கொண்டவர்களுக்கும் இழந்தவர்களுக்கும் இடையே இப்படியும் ஒரு பாசம்.

கேம்டன் பகுதியோ தராவல் மக்களின் நாடு. 1788-இல் குடியேறியவர்களின் மாடுகள் சில தப்பியோடின. ஏழாண்டு கழித்து அவை பெருமந்தையாகப் பெருகி அங்கே மேய்வதைக் கண்டார்கள். மாடே இவ்வளவு செழித்தால் ஆடு எப்படிச் செழிக்கும் என்பதே மக்கார்தர் அவ்விடத்தைக் கேட்டு வாங்கிய கணக்கு. வறட்சியும் நெருக்கடியும் வந்த 1814 முதல் 1816 வரையிலான ஆண்டுகளில் மோதல் மூண்டது. மக்கார்தர் நிலத்தில் வேலை செய்தவர்களும் கொல்லப்பட்டார்கள். எலிசபெத் அஞ்சினார், அந்த அச்சத்தை எழுதவும் செய்தார். எலிசபெத்துக்கு 600 ஏக்கர் வழங்கிப் பாராட்டிய அதே மக்குவாரி அனுப்பிய படை, 1816 ஏப்ரல் 17 விடியுமுன், ஆப்பின் என்னுமிடத்தில், பெண்களும் குழந்தைகளும் உட்படக் குறைந்தது பதினான்கு பேரைக் கொன்றது. பலர் செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்து மாண்டனர். அதன்பின் மேய்ச்சல் நிலத்தில் அமைதி நிலவியது. அந்த அமைதியில் மெரினோ பெருகிற்று. அம்மையாரின் கணக்கு எவ்வளவு செம்மையாக இருந்தாலும், அதில் நில வாடகை என்னும் பத்தி இல்லை.

இருவரின் இறுதியைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். 1817-இல், அரசியலில் தலையிடுவதில்லை என்னும் கட்டுப்பாட்டோடு ஜான் திரும்பினார். 1822-இல் லண்டன் கலைச் சங்கம் மக்கார்தரின் கம்பளிக்குத் தங்கப் பதக்கங்கள் வழங்கியது. பதக்கத்தில் பொறித்தது அவர் பெயர். 1831-இல் லண்டனில் மகன் ஜான் இறந்த செய்தி வந்தது. ஏழு வயதில் கப்பலேறிய அந்த மகனை முப்பது ஆண்டுகளாகத் தாய் மீண்டும் பார்க்கவேயில்லை. ஒன்பது பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களுள் இரண்டு குழந்தைகளைச் சிசுவிலேயே பறிகொடுத்தவர். இது அவருக்கு மூன்றாம் இழப்பு. தந்தைக்கோ மனம் பேதலித்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் தம்மோடு வாழ்ந்த மனைவியின் கற்பையே ஐயுற்றார். அவரை வீட்டில் இருக்க விடவில்லை. 1832-இல் சித்தசுவாதீனம் இழந்தவர் என்று அறிவிக்கப்பட்டு, 1834 ஏப்ரலில் கேம்டனில் காலமானார். எந்தப் பெண்ணை நம்பி இரண்டு முறை அனைத்தையும் ஒப்படைத்துச் சென்றாரோ, அதே பெண்ணைக் கடைசியில் நம்ப முடியாமல் போயிற்று அம்மனிதருக்கு. நோயின் கொடுமை என்று சொல்வதன்றி வேறு என்ன சொல்ல?

எலிசபெத் மேலும் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்து, 1850 பிப்ரவரியில், 83-ஆம் வயதில் காலமானார். 1790-இல் கரையிறங்கியபின் இங்கிலாந்தை அவர் மீண்டும் பார்க்கவேயில்லை; தாயையும் பார்க்கவில்லை; பிரிட்ஜெட்டையும் பார்க்கவில்லை. “சில ஆண்டுகளில் திரும்பிவிடுவோம்” என்று சொல்லித்தான் புறப்பட்டார். அதே சொல்லைச் சொல்லிக்கொண்டு நம் காலனியில் மூன்று தலைமுறை ஆகிவிட்டது.

1966-இல் ஆஸ்திரேலியா புதிய நாணய முறைக்கு மாறியபோது, இரண்டு டாலர் நோட்டில் ஜான் மக்கார்தரின் முகத்தையும் பக்கத்தில் ஒரு மெரினோக் கிடாவையும் அச்சிட்டார்கள். கிடாவுக்கு இடம் இருந்தது, எலிசபெத்துக்கு இல்லை. 1988-இல் அந்த நோட்டுக்குப் பதில் காசு வந்துவிட்டது. பின்னர் மெனாங்கிள் என்னும் ஊரில், பழைய மக்கார்தர் நிலத்தருகே அமைந்த அரசு வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்துக்கு எலிசபெத் மக்கார்தர் என்று பெயரிட்டார்கள். அவர் மடல்களை ஆதாரமாகக் கொண்டு வாழ்க்கை வரலாறுகளும் நாவலும் வந்துவிட்டன. பாரமட்டாவில் அந்தச் செங்கல் வீடு இன்றும் நிற்கிறது, பொருட்காட்சியாக வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியர் அந்நாட்டில் கட்டி இன்றுவரை எஞ்சிய கட்டடங்களில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று.

என் மகள் தேர்வில் தந்தை என்றே எழுதினாள். புத்தகத்தில் உள்ளபடி எழுதினால்தானே மதிப்பெண் கிடைக்கும் என்று அவள் சொன்னது சரிதான். ஆனால் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில், பென்சிலால், இன்னொரு பெயரையும் எழுதி வைத்திருக்கிறாள். ஆசிரியை பார்த்தாரா என்பது தெரியவில்லை.